2^32 + 1 = 4294967297: அடிமானம் 2 வைத்தால் சி நிரலில் மீதி 0, பைத்தானில் 1. எது சரி?

எட்டாம்_வாய்ப்பாடு (கேள்வி)

4294967297 என்ற எண்ணை இனி ‘ந’ என்று குறிக்கிறேன். 2^32 + 1 என்பதுதான் அது. 641 × 6700417 என்று பிரியும் பகு எண் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் இதன்மேல் ஃபெர்மா சோதனையை ஓட்டினால் மொழிக்கு மொழி விடை மாறுகிறது.

சோதனை இதுதான்: ந பகா எண்ணாக இருந்தால், அ என்ற அடிமானத்துக்கு அ^(ந−1)-ஐ ந-ஆல் வகுக்கும்போது மீதி 1 வர வேண்டும், வேறு எது வந்தாலும் பகு எண். நிரலில் வழக்கமான முறைதான். அடுக்கின் கடைசி பிட் 1 என்றால் விடையை அடிமானத்தால் பெருக்கி மீதி எடுப்பது, பிறகு அடிமானத்தை வர்க்கமாக்கி மீதி எடுப்பது, அடுக்கைப் பாதியாக்குவது. சி-யில் எல்லா மாறிகளும் குறியில்லாத 64 பிட்.

அடிமானம் 2: சி 0, பைத்தான் 1, ஜாவாஸ்கிரிப்ட் 1
அடிமானம் 3: சி 3029026160, பைத்தான் 3029026160, ஜாவாஸ்கிரிப்டில் வேறு ஏதோ ஓர் எண்

ஜாவாஸ்கிரிப்டில் சாதா எண் வகை, பிக்இண்ட் (எவ்வளவு பெரிய முழுஎண்ணையும் கொள்ளும் வகை) அல்ல.

அடிமானம் 2-க்கு எந்த விடை சரி? 1 தான் சரி என்றால், பகு எண்ணுக்கு 1 வருவது தற்செயலா? கூடவே இன்னொன்று: கணினி இல்லாத காலத்தில் 641-ஐ எப்படிப் பிடித்தார்கள்? 641 என்பது 116-ஆவது பகா எண். அதுவரை ஒவ்வொன்றாக வகுத்துப் பார்த்தார்களா? அதைவிட, மிச்சமுள்ள 6700417 பகா எண்தான் என்று எப்படி உறுதி செய்தார்கள்? அதற்கு 2588 வரை போக வேண்டுமே.


கடைநிலைப்பிட்

முதல் கேள்விக்கு மட்டும் நான் சொல்கிறேன், மற்றதை எண்கணிதக்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

மீதி 0 வரவே முடியாது. 0 என்றால் 2-இன் ஏதோ ஓர் அடுக்கை ந மீதியில்லாமல் வகுக்கிறது என்று பொருள். ந ஒற்றைப்படை எண். 2-இன் அடுக்குகளை 1-ஐத் தவிர எந்த ஒற்றைப்படை எண்ணும் வகுக்காது. ஆக, கணக்கைத் தொடாமலே நிரல் தவறு என்று சொல்லிவிடலாம். பைத்தான் சொல்லும் 1 சரி.

எங்கே உடைகிறது என்று பார்க்க வர்க்கங்களை வரிசையாக எழுதுங்கள்:

2 → 4 → 16 → 256 → 65536 → 4294967296 → ?

ஐந்தாவது வர்க்கத்தில் 2^32 கிடைக்கிறது. அது ந−1, ந-ஐவிடச் சிறியது என்பதால் அப்படியே நிற்கும். ஆறாவது வர்க்கம் 2^64. குறியில்லாத 64 பிட்டில் அடங்கும் பெரிய எண் 2^64 − 1. ஒரே ஒன்று தாண்டிவிட்டதால் பெருக்குத்தொகை சுருண்டு 0 ஆகிறது. அதன்பின் எத்தனை முறை வர்க்கம் எடுத்தாலும் 0-தான். அடுக்கு 2^32 என்பதால் நிரல் 32 முறை வர்க்கம் எடுத்துவிட்டுத்தான் விடையோடு பெருக்குகிறது. கையில் வருவது 0.

இதில் கவனிக்க வேண்டியது, இந்த ந-க்கு இப்படி வரம்பைத் தாண்டி ஓவர்ஃப்ளோ ஆகும் பெருக்கல் ஒன்றே ஒன்றுதான். மீதிகள் 0 முதல் 2^32 வரை இருக்கும். (ந−1) × (ந−2) = 2^64 − 2^32, அது அடங்கிவிடும். (ந−1) × (ந−1) மட்டும் அடங்காது. அதனால்தான் அடிமானம் 3-க்கு உங்கள் சி நிரல் சரியான விடை தருகிறது. அந்தப் பாதையில் ந−1 என்ற மீதி எட்டிப் பார்ப்பதே இல்லை. ஆயிரம் அடிமானங்களை வைத்துச் சோதித்தாலும் இந்தப் பிழை பெரும்பாலும் கண்ணில் படாது. ஆனால் பகாச் சோதனையில் மீதி −1 ஆகும் இடம்தான் முக்கியமான இடம், அதாவது இதே ந−1. இப்போது வெளிவரும் 0-ஐப் பார்த்து நிரல் ‘பகு எண்’ என்று அறிவிக்கும். முடிவு சரி, வந்த வழி தவறு. இந்த வகைப் பிழைதான் பல நாள் பிடிபடாமல் கிடக்கும்.

குறியுள்ள 64 பிட் வகையில் எழுதியிருந்தால் அடிமானம் 3-ம் தப்பியிருக்காது. 3, 9, 81, 6561, 43046721 வரை பிரச்சினையில்லை. அடுத்த வர்க்கம் 1853020188851841, அதன் மீதி 3793201458. இதை வர்க்கமாக்கினால் ஏறத்தாழ 1.44 × 10^19. குறியுள்ள வகையின் வரம்பு 9.22 × 10^18-தான். குறியுள்ள ஓவர்ஃப்ளோ நடந்தால் என்ன ஆகும் என்பதை சி மொழி வரையறுக்கவில்லை. கம்பைலர் எதையும் செய்யலாம்.

ஜாவாஸ்கிரிப்டில் கதை தலைகீழ். அங்கே சாதா எண் 53 பிட் துல்லியம் கொண்ட மிதவைப் புள்ளி எண். 2^64 என்பது 2-இன் அடுக்கு, அதனால் மிதவைப் புள்ளியில் துளியும் பிசகாமல் நிற்கும். மீதியும் சரியாக 1 வரும். ஆனால் 3793201458-இன் வர்க்கத்துக்கு 53 பிட் போதாது, கடைசி இலக்கங்கள் உதிர்ந்துவிடும். அங்கிருந்து எல்லாம் குப்பை. பிக்இண்ட் போட்டால் தீர்ந்தது. இன்னொன்று, ஜாவாஸ்கிரிப்டில் ந-ஐ பிட் செயலிகள் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அவை எதையும் முதலில் 32 பிட்டாக வெட்டும், ந அங்கே வெறும் 1 ஆகிவிடும். சி-யில் 32 பிட் மாறியில் போட்டாலும் அதே கதிதான்.

சி-யில் சரிசெய்ய இரண்டு வழி. ஜிசிசி, கிளாங் இரண்டிலும் 64 பிட் கணினியில் குறியில்லாத 128 பிட் முழுஎண் வகை உண்டு. பெருக்கலை மட்டும் அதில் செய்து மீதியை 64 பிட்டுக்குக் கொண்டுவாருங்கள். மைக்ரோசாஃப்ட் கம்பைலரில் அந்த வகை கிடையாது. அங்கே ந-இன் வடிவத்தையே பயன்படுத்தலாம். 2^32 ≡ −1 (மட்டு ந), அதாவது ந-ஆல் வகுத்தால் இரண்டுக்கும் ஒரே மீதி என்பதால், பெருக்குத்தொகையின் மேல் 32 பிட்டை ‘மே’ என்றும் கீழ் 32 பிட்டை ‘கீ’ என்றும் பிரித்தால் மீதி = கீ − மே. குறை எண் வந்தால் ந-ஐக் கூட்டுங்கள். வகுத்தலே வேண்டாம். உதாரணம், 43046721-இன் வர்க்கத்தில் மே = 431439, கீ = 3793632897; கழித்தால் 3793201458. மேலே வந்த அதே மீதி. இரண்டு எண்களும் ந−1 ஆக இருக்கும் ஒரே ஒரு நிலையை மட்டும் தனியாகப் பிடித்து 1 என்று திருப்பிவிடுங்கள்.


மட்டுக்கணக்கு

இரண்டாம் கேள்வி: தற்செயல் இல்லவே இல்லை. அடிமானம் 2-க்கு இந்த எண்ணால் 1-ஐத் தவிர வேறு விடை தர முடியாது.

2^32 ≡ −1 (மட்டு ந). இரண்டு பக்கமும் வர்க்கம் எடுத்தால் 2^64 ≡ 1. ஆக 2-இன் அடுக்குகள் 64 படிக்கு ஒருமுறை சுற்றி வரும். சோதனையில் வரும் அடுக்கு ந−1 = 2^32, அது 64-ஆல் வகுபடும். எனவே மீதி 1. ந பகா எண்ணா பகு எண்ணா என்ற கேள்வி இந்த மூன்று வரியில் எங்குமே வரவில்லை பாருங்கள்! 2^(2^க) + 1 வடிவில் உள்ள எல்லா ஃபெர்மா எண்ணுக்கும் இதே வாதம் அப்படியே பொருந்தும். ஆகவே ஃபெர்மா எண்ணை அடிமானம் 2 வைத்துச் சோதிப்பதில் தகவலே கிடைக்காது.

மில்லர்–ராபின் சோதனை கடுமையானது, அது பிடித்துவிடும் என்று நினைக்கலாம். பிடிக்காது. ந−1-ஐ 2^32 × 1 என்று பிரிக்கிறோம், ஒற்றைப்படைப் பகுதி 1. தொடக்கம் 2^1, வர்க்கங்களின் வரிசையில் ஐந்தாவது அடியிலேயே −1 வந்துவிடுகிறது. −1 வந்தால் தேர்ச்சி. ஆக ந என்பது அடிமானம் 2-க்கு வலுவான போலிப் பகா எண், அதாவது பகு எண்ணாக இருந்தும் இந்தச் சோதனையில் தேறிவிடுவது. 4, 8, 16, 32 என்று மாற்றிப் பார்த்தாலும் அதே ஏமாற்றம்தான். 2-இன் அடுக்குகள் மட்டு ந-இல் 64 வெவ்வேறு மீதிகள் தரும், அந்த 64-உமே ஏமாற்றுகின்றன.

எத்தனை அடிமானங்கள் ஏமாற்றும் என்பதைத் துல்லியமாகவே எண்ணலாம். 640 = 2^7 × 5; 6700416 = 2^7 × 3 × 17449. இரண்டிலும் 2-இன் அடுக்கு 7. அ^(2^32) ≡ 1 என்பதற்கு 641-இன் மட்டில் 128 தீர்வுகள், 6700417-இன் மட்டிலும் 128. பெருக்கினால் 16384. சாதா ஃபெர்மா சோதனையை ஏமாற்றும் அடிமானங்கள் இவ்வளவுதான்.

மில்லர்–ராபினுக்கு நிபந்தனை இன்னும் இறுக்கம்: −1 என்பது இரண்டு பகாக் காரணிகளின் மட்டிலும் ஒரே அடியில் வர வேண்டும். அதாவது இரண்டிலும் அ-வின் சுற்று நீளம் ஒன்றாக இருக்க வேண்டும். சுற்று நீளம் 1, 2, 4, 8, 16, 32, 64, 128 என்று எட்டு வகை. ஒவ்வொரு வகையிலும் ஒரு காரணிக்கு முறையே 1, 1, 2, 4, 8, 16, 32, 64 மீதிகள். இவற்றின் வர்க்கங்களைக் கூட்டுங்கள்: 1 + 1 + 4 + 16 + 64 + 256 + 1024 + 4096 = 5462. மொத்தம் 429 கோடிக்கு மேல் அடிமானங்கள் இருக்க, ஏமாற்றுபவை 5462. பத்து லட்சத்துக்கு ஒன்றேகால் என்ற கணக்கு. பொதுத் தேற்றம் கால் பங்கு வரை அனுமதிக்கிறது, இந்த எண் அந்த வரம்புக்குப் பக்கத்தில்கூட இல்லை. இவ்வளவு அரிதான கூட்டத்தில், எல்லோரும் முதலில் எடுக்கும் 2 உட்கார்ந்திருப்பதுதான் சிக்கல்.

நடைமுறையில் என்ன செய்வது? 4759123141-க்குக் கீழே உள்ள எந்த எண்ணுக்கும் 2, 7, 61 ஆகிய மூன்று அடிமானங்களில் மில்லர்–ராபின் ஓட்டினால் போதும், முடிவு உறுதியானது. நம் ந அந்த வரம்புக்குள் வருகிறது. 7 வைத்த உடனேயே மாட்டிக்கொள்ளும். பல நிரல்களில் 2, 3, 5, 7 என்று நான்கைப் போட்டு ‘32 பிட்டுக்கு இது போதும்’ என்று குறிப்பு எழுதியிருப்பார்கள். போதாது. 3215031751 = 151 × 751 × 28351 என்ற எண் அந்த நான்கையும் ஏமாற்றும், அது 32 பிட்டுக்குள்தான் இருக்கிறது.

ஃபெர்மா எண்ணுக்கு மட்டும் என்றால் 1877-இல் வந்த பெப்பேன் சோதனை கச்சிதம். 3^((ந−1)/2) ≡ −1 என்றால் பகா எண், இல்லையென்றால் பகு எண். இரண்டு பக்கமும் உறுதி. 3-ஐத் தேர்ந்தெடுக்கக் காரணம் உண்டு. ந-ஐ 4-ஆல் வகுத்தால் மீதி 1, 3-ஆல் வகுத்தால் மீதி 2. எனவே ந பகா எண்ணாக இருந்தால் 3 அதன் மட்டில் வர்க்க மீதியாக (ஏதோ ஒரு முழுஎண்ணின் வர்க்கம் தரும் மீதியாக) இருக்க முடியாது, அரை அடுக்கில் −1 வந்தே தீர வேண்டும். இங்கே 3^(2^31)-இன் மீதி 10324303. −1 இல்லை, ஆகவே பகு எண். அதையே ஒருமுறை வர்க்கமாக்கினால் உங்களுக்கு வந்த 3029026160. உங்கள் பைத்தான் விடையை இப்படியும் சரிபார்த்துக்கொள்ளலாம்.

இந்தச் சோதனை காரணியைத் தராது என்பதைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பகு எண் என்று மட்டும் சொல்லும், எதால் வகுபடும் என்று சொல்லாது. 1999-இல் சுட்டெண் (மேலே சொன்ன க) 24 கொண்ட ஃபெர்மா எண்ணைப் பகு எண் என்று காட்டியதும் இதே வழியில்தான். சுட்டெண் 5 முதல் 32 வரை எல்லாமே பகு எண்கள் என்று நிறுவப்பட்டுவிட்டது. 33-இன் நிலை இன்னும் திறந்தே கிடக்கிறது. அந்த எண்ணுக்கு 258 கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள், அந்த அளவு எண்ணின் மட்டில் 3-ஐத் திரும்பத் திரும்ப வர்க்கமாக்கி முடிப்பது நடைமுறையில் இயலாத வேலை.


வகுத்திப்பார்

116 பகா எண்களையும் யாரும் வகுக்கவில்லை. சொல்லப்போனால் ஒரே ஒரு வகுத்தலில் முடித்துவிடலாம்.

ந-ஐ வகுக்கும் பகா எண் ப என்று வையுங்கள். 2^32 ≡ −1 (மட்டு ப), ஆக ப-வின் மட்டில் 2-இன் சுற்று நீளம் சரியாக 64. ஃபெர்மாவின் சிறு தேற்றப்படி சுற்று நீளம் ப−1-ஐ வகுக்க வேண்டும். எனவே ப = 64க + 1. இது ஆய்லரின் வாதம். இந்த வடிவில் வரும் பகா எண்கள் 193, 257, 449, 577, 641. ஐந்தாவதிலேயே காரணி கிடைக்கிறது. 2^32 + 1 பகு எண் என்பதை ஆய்லர் அறிவித்தது 1732-இல். இந்த வடிவத்துக்கான நிறுவலை அவர் எழுதியது பிறகுதான்.

1878-இல் லூக்கா இதை இன்னும் இறுக்கினார். ப-ஐ 8-ஆல் வகுத்தால் மீதி 1, அப்படியானால் ப-வின் மட்டில் 2 ஒரு வர்க்கம். அந்த வர்க்கமூலத்தின் சுற்று நீளம் 64-இன் இரட்டிப்பு, 128. ஆகவே ப = 128க + 1. இப்போது பட்டியல் 129, 257, 385, 513, 641. இதில் 129 = 3 × 43, 385 = 5 × 7 × 11, 513 = 27 × 19. பகா எண்கள் 257-உம் 641-உம் மட்டும். 257 இன்னொரு ஃபெர்மா எண், அதைப் பார்க்காமலே தள்ளலாம். மிச்சம் 641.

641 வகுக்கும் என்பதைக் காட்ட நீள்வகுத்தல்கூடத் தேவையில்லை. 641 = 5 × 2^7 + 1, அதே 641 = 5^4 + 2^4. முதல் வடிவத்திலிருந்து 5 × 2^7 ≡ −1. நான்காம் அடுக்குக்கு உயர்த்தினால் 5^4 × 2^28 ≡ 1. இரண்டாம் வடிவத்திலிருந்து 5^4 ≡ −2^4. பதிலிட்டால் −2^32 ≡ 1, அதாவது 2^32 + 1 ≡ 0 (மட்டு 641). அவ்வளவுதான். மனப்பாடமாகவே வைத்துக்கொள்ளலாம்.

6700417-க்கு வருவோம். 2588 வரை போக வேண்டும் என்பது சரி. 2588-இன் வர்க்கம் 6697744, 2589-இன் வர்க்கம் 6702921. ஆனால் 6700417-ஐ வகுக்கும் எந்தப் பகா எண்ணும் ந-ஐயும் வகுக்கும், ஆகவே அதுவும் 128க + 1 வடிவில்தான் இருக்க வேண்டும். 2588-க்குள் க-வின் மதிப்பு 1 முதல் 20 வரை, இருபதே எண்கள். அவற்றில் 897, 1281, 2049, 2433 போன்றவை 3-ஆல் வகுபடும்; 1025, 1665, 2305 ஆகியவை 5-இல் போகும்; 1537 = 29 × 53, 1793 = 11 × 163, 1921 = 17 × 113, 2177 = 7 × 311, 2561 = 13 × 197. தேறுபவை 257, 641, 769, 1153, 1409. 257 போக நான்கு வகுத்தல்:

641 → மீதி 44
769 → மீதி 120
1153 → மீதி 334
1409 → மீதி 622

எதிலும் 0 இல்லை. 6700417 பகா எண். 641-ஐ மறுபடி வகுத்துப் பார்க்க மறந்துவிடாதீர்கள், காரணி இரண்டு முறை வரலாம் என்ற சாத்தியத்தையும் அடைக்க வேண்டும். பட்டியலை 641-க்கு அடுத்ததிலிருந்து தொடங்கினால் நிறுவலில் ஓட்டை விழும்.

ஃபெர்மாவுக்கும் அவருடைய சிறு தேற்றம் கையில்தான் இருந்தது. இதே தேற்றத்தை வைத்துத்தான் மற்ற எண்களின் காரணிகளைச் சல்லடை போட்டார். ஆனாலும் 1640 வாக்கில் இவையெல்லாம் பகா எண்கள் என்று நம்பினார். 641 வரை போயிருந்தால் அந்த நம்பிக்கை அங்கேயே முடிந்திருக்கும்.


எட்டாம்_வாய்ப்பாடு

128க + 1 பட்டியல் அருமை. 257-ஐ ‘பார்க்காமலே தள்ளலாம்’ என்றது மட்டும் புரியவில்லை. அதுவும் 128க + 1 வடிவில் உள்ள பகா எண்தானே?


வகுத்திப்பார்

வடிவம் பொருந்துவது தேவையான நிபந்தனை, போதுமானதல்ல. ந − 2 = 2^32 − 1. அதை (2^16 + 1)(2^16 − 1) என்று பிரித்து, இரண்டாவதை மறுபடி மறுபடி பிரித்துக்கொண்டே போனால் 3 × 5 × 17 × 257 × 65537. ஆக ந-ஐ இந்த ஐந்தில் எதனால் வகுத்தாலும் மீதி 2. இரண்டு ஃபெர்மா எண்களுக்குப் பொதுக் காரணி இருக்க முடியாது என்பதன் நிறுவலும் இதுவே.

போகிற போக்கில் ஒன்று. அளவுகோலும் கவராயமும் மட்டும் வைத்து 4294967295 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும், கொள்கையளவில். 4294967297 பக்கத்துக்கு முடியாது, 641-உம் 6700417-உம் ஃபெர்மா பகா எண்கள் அல்ல என்பதால்.


இருவர்க்கம்

641-ஐத் தேடாமலே காரணிப்படுத்த இன்னொரு வழி உண்டு, யாரும் சொல்லவில்லை. ந-ஐ இரு வர்க்கங்களின் கூட்டலாக இரண்டு விதமாக எழுத முடிந்தால் போதும். ஒன்று இலவசமாகவே கிடைக்கிறது: 65536² + 1². மற்றொன்று:

62264² + 20449² = 3876805696 + 418161601 = 4294967297

பகா எண்ணை இரு வர்க்கங்களின் கூட்டலாக ஒரே விதமாகத்தான் எழுத முடியும். இரண்டாவது கண்ணில் பட்டதுமே பகு எண் என்று முடிவாகிவிட்டது. காரணிகளையும் இதிலிருந்தே பிழியலாம். இரட்டையை இரட்டையோடும் ஒற்றையை ஒற்றையோடும் சேருங்கள். மாற்றிச் சேர்த்தால் கீழே வரும் பாதிகள் முழுஎண்ணாக வராது.

65536 − 62264 = 3272, 65536 + 62264 = 127800
20449 − 1 = 20448, 20449 + 1 = 20450

3272, 20448 இரண்டின் மீ.பொ.வ. 8. 127800, 20450 இரண்டின் மீ.பொ.வ. 50. பாதிகள் 4, 25. ஒரு காரணி 4² + 25² = 641. மற்றதற்கு 3272 ÷ 8 = 409, 20448 ÷ 8 = 2556; 409² + 2556² = 167281 + 6533136 = 6700417.

திரும்பிப் போகவும் முடியும். 25 × 2556 = 63900, 4 × 409 = 1636. கூட்டினால் 65536, கழித்தால் 62264. 25 × 409 = 10225, 4 × 2556 = 10224. கூட்டினால் 20449, கழித்தால் 1. இரண்டு பகாக் காரணிகளும் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருபவை என்பதால் சரியாக இரண்டு விதம்தான், மூன்றாவது கிடையாது.

கையால் செய்வதற்கு இது உகந்த வழி அல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். 62264-ஐத் தேடிக் கண்டுபிடிக்க ஆகும் வேலை, 641-ஐ வகுத்துப் பார்ப்பதைவிடப் பல நூறு மடங்கு அதிகம்.


எட்டாம்_வாய்ப்பாடு

எல்லோருக்கும் நன்றி, 128 பிட் போட்டதும் சி-யிலும் 1 வருகிறது. கடைசியாக ஒன்று. மாணவர்களுக்கு ஆர்எஸ்ஏ மறையாக்க முறையை விளக்க இந்த ந-ஐயே மாடுலஸாக (மீதி எடுக்க வகுக்கும் எண்ணாக) வைத்து, பொது அடுக்கு (செய்தியை உயர்த்தும் அடுக்கு) 65537 போட்டால் 2-ஐ மறையாக்கும்போது 2-ஏ திரும்ப வருகிறது. மறுபடியும் ஓவர்ஃப்ளோவா?


மட்டுக்கணக்கு

இல்லை, இந்த முறை நிரல் சரி. 65537 = 65536 + 1, 65536 என்பது 64-ஆல் வகுபடும். 2-இன் சுற்று நீளம் 64, ஆகவே 2^65537 ≡ 2. 2 மட்டுமல்ல, மேலே சொன்ன 16384 அடிமானங்களும் அசையாமல் அப்படியே நிற்கும். ந-இன் காரணிகளால் வகுபடும் செய்திகளையும் சேர்த்து எண்ணினால் (128 + 1) × (128 + 1) = 16641 செய்திகள் மறையாக்கத்துக்குப் பின்னும் அதே எண்ணாகவே வெளிவரும். நிஜப் பயன்பாட்டில் காரணிகளை இப்படி 2-இன் அடுக்கு நிறைந்த வடிவில் யாரும் எடுப்பதில்லை, அங்கே 65537-இல் குறை இல்லை. தவறு இந்த இரண்டும் சேர்ந்த ஜோடியில்தான்.

அடுக்கு 3-உம் 5-உம் இங்கே செல்லாது, 6700416-இல் 3-உம் 640-இல் 5-உம் காரணியாக இருப்பதால் மறையை நீக்கும் எதிர் அடுக்கே கிடைக்காது. 7 செல்லும், ஆனால் 21 செய்திகள் அசையாது. 23 போடுங்கள். அசையாதவை 9-தான், எந்தப் பொது அடுக்குக்கும் இதைவிடக் குறைய முடியாது.

640, 6700416 இரண்டின் மீ.சி.ம. 33502080. அதன் மட்டில் 23-இன் எதிர் 24762407; சரிபார்க்க, 23 × 24762407 = 569535361 = 17 × 33502080 + 1. வகுப்பில் காட்ட 2-ஐயும் அதன் அடுக்குகளையும் தவிர்த்துவிட்டு 3-ஐ எடுங்கள். 3^23 = 94143178827, மீதி 3948865590. அதை 24762407-ஆம் அடுக்குக்கு உயர்த்தினால் 3 திரும்ப வர வேண்டும். வராவிட்டால் மாறிகளில் எங்கோ குறியுள்ள 64 பிட் ஒட்டிக்கொண்டிருக்கிறது.